மேற்கு அறைச் சத்தம்

எனக்கு ஒன்பது வயதானபோது பெரியம்மா வீட்டு மேற்கு அறையில் ஒரு சத்தம் குடிவந்தது. வீட்டில் இருந்த மூன்று பேரில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

வீடு புங்குடுதீவில், மடத்துவெளியில். அக்கம்பக்கத்து வீடுகளில் பாதிக்குக் கூரை இல்லை. அவற்றின் ஆட்கள் லண்டனிலும் கனடாவிலும் இருந்தார்கள். அத்தனை பெரிய வீட்டில் பெரியம்மா, அம்மா, நான். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். அந்த வருடம் லண்டனிலிருந்து மாமா வந்து ஒரு மாதம் தங்கினார். உடைந்த ஓடுகளை மாற்றினார், கிணற்றுக்கு மோட்டார் பூட்டினார், எலி கடித்த தன் சூட்கேஸை வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டிக் குறைப்பட்டார், திரும்பிப் போனார். அவர் போன மறுநாள்தான் சத்தத்தைக் கேட்டேன்.

கண்ணாடியில் யாரோ ஊசியால் நிறுத்தாமல் கீறுவதுபோல் இருந்தது. தலையை ஒரு விரற்கடை திருப்பினால் அறுந்துபோகும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் காதுக்குள்ளேயே வந்து நிற்கும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று சொல்ல முடியாது. அம்மா அதன் நடுவில் நின்று உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். நான் காதுகளைப் பொத்தினேன்.

“என்ன, காதுக்கை எறும்பு பூந்திட்டுதோ?”

“சத்தம் அம்மா. உங்களுக்குக் கேக்கேல்லையோ?”

“அது கடல் காத்து. விசர்க்கதை கதையாதை.”

ஆனால் எங்கள் வீட்டுப் பூனைக்கும் கேட்டது. முன்பெல்லாம் அந்த அறையில்தான் தூங்கும். இப்போது வாசற்படி வரை வந்து, காதுகளைத் தலையோடு ஒட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து போனது.

பெரியம்மா அதைப் பார்த்துவிட்டார். மேற்கு அறை அவருடைய மகனின் அறை. சண்டைக்கு இடம்பெயர்ந்திருந்த ஊரில், எட்டு வயதில், காய்ச்சலில் போனவன். நான் பிறக்க முன்னரே. இந்த வீட்டுக்கு அவன் திரும்பி வந்ததேயில்லை. பெரியம்மா என்னைக் குசினிக்குள் அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“வடிவா யோசிச்சுச் சொல்லும். அழுகிறானோ, கூப்பிடுறானோ?”

அவர் என்னை ஒருநாளும் இப்படி ‘நீர்’ என்று மரியாதை போட்டுப் பேசியதில்லை. எனக்குப் பயம் பிடித்தது.

“ரெண்டுமில்லை. ஈ எண்டு மட்டும்தான்.”

ஒரு மாலை கரண்ட் போனது. சத்தமும் நின்றது. கரண்ட் வந்ததும் சத்தமும் வந்தது. நான் இதைச் சொன்னபோது அம்மா முறைத்தார். பெரியம்மா மட்டும் மெல்லத் தலையாட்டினார்.

“அவனுக்கு இருட்டெண்டால் பயம்.”

அடுத்த நாள் பனங்காய்ப் பணியாரம் சுட்டு, ஒரு தட்டில் வைத்து, அந்த அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். விடியப் பார்த்தால் தட்டு வெறுமை. அதன்பிறகு அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மத்தியானங்களில் சுவரில் காதை வைத்து நிற்கத் தொடங்கினார். வெளியே வரும்போது கன்னத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். தன் காதுக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தார். கடைசியில் என்னையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு காது டொக்டரிடம் போனார். டொக்டர் அவரிலும் மூத்தவர். சோதித்துவிட்டுச் சிரித்தார்.

“காது நல்ல சுகமாய் இருக்கு அம்மா. வயசு ஏற ஏற மெல்லிய கீச்சுச் சத்தமெல்லாம் ஒவ்வொண்டாய்க் கழண்டு போகும். சின்னப் பிள்ளையளுக்குக் கேக்கிறது கனக்க எங்களுக்குக் கேக்காது. இது வருத்தமில்லை. மருந்துமில்லை.”

திரும்பி வந்த பஸ் வேலணையைத் தாண்டிக் கடற்பாதையில் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர். யன்னலைப் பார்த்தபடி பெரியம்மா சொன்னார்:

“அப்ப, அவன் கூப்பிட்டாலும் எனக்குக் கேக்காது.”

பொங்கலுக்கு வெள்ளையடிக்கவென்று அம்மா மேற்கு அறை அலுமாரியை இழுத்தார். அதன் பின்னால், சுவர் பிளக்கில், தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் பச்சை வெளிச்சம். அம்மா கழற்றினார். சத்தம் நின்றது. லண்டனுக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டபோது மாமா பெருமையாகச் சொன்னார்: “அது எலி கலைக்கிற மெசின். எலிக்கு மட்டும்தான் கேக்கும், மனிசருக்குக் கேக்காது.”

“அப்ப எங்கட வீட்டு எலி இவள்தான்,” என்று அம்மா என் காதைத் திருகினார். நானும் சிரித்தேன். பணியாரம் தின்ற எலிகள் அந்த மெசினுக்காக எங்கும் போயிருக்கவில்லை. பெரியம்மா அன்று சாப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சத்தம் மறுபடி கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பெட்டி பிளக்கில் இருந்தது. அதன் முன்னால் பெரியம்மா கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

“கேக்குதோ?”

“ஓம் பெரியம்மா.”

அவர் எழும்பி உலை வைக்கப் போனார். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டார். ஒவ்வொரு நாளும் ஓம் என்றேன். பெரியம்மாவுக்கு எலிப் பயம் வந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வயதில் நானும் அம்மாவும் கொழும்புக்குப் போய்விட்டோம். முப்பது தாண்டிய பிறகு, சென்ற ஆவணியில்தான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனேன். பெரியம்மா உயரம் குறைந்திருந்தார். தேத்தண்ணிகூடத் தராமல் என்னை மேற்கு அறைக்குக் கூட்டிப்போனார். பிளக்கில் வேறொரு பெட்டி. மாமா அனுப்பியதில் இது மூன்றாவதாம். பச்சை வெளிச்சம் எரிந்தது. வாசற்படியில் ஒரு பூனைக்குட்டி நின்றது.

தலையை ஒரு விரற்கடை திருப்பினேன். மறுபக்கமும் திருப்பினேன். கடல் காற்று மட்டும்தான்.

“கேக்குதோ?”

“ஓம் பெரியம்மா,” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. தலையோடு ஒட்டிப்போயிருந்த அந்தக் குட்டியின் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. ஒன்பது வயதில், ஓம் என்று நான் சொல்வதற்கு முன்பே, காதைப் பொத்தப் போன என் கைகளையும் இப்படித்தான் பார்த்தார். பார்த்தது தெரியும். தனக்குக் கேட்காத ஒரு சத்தம் உண்மையிலேயே இருக்கிறது என்பதைத்தான் அந்தக் கைகளில் பார்த்தார் என்பது அப்போது தெரியாது.