பூட்டு உடைந்த மத்தியானம்

ஆவுடைத்தாய் தன் நிழலைக்கூட முன்னால் நடக்கவிட்டுத்தான் பின்னால் போவாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சில் தப்பொன்றும் இல்லை. கடைக்காரர் எடை போட்டால் குனிந்து தராசுத் தட்டின் அடியைப் பார்ப்பாள். கண்டக்டர் கொடுத்த நோட்டை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். புருஷன் செத்த அன்றைக்கு டாக்டர் சொன்ன சொல்லை நம்பாமல் அவன் மூக்கருகே தானே விரலை வைத்துப் பார்த்தவள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

பசுவந்தனைக்கு மேற்கே ஒதுங்கிக் கிடக்கிற சின்ன ஊர் அது. வானம் பார்த்த கரிசல் காடு. உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் போடுவார்கள். ஊருக்குக் கிழக்கே, களத்தை ஒட்டி வரிசையாகத் தகரக் கொட்டகைகள் நிற்கும். அவற்றைச் செட்டு என்பார்கள். மருந்தடிக்கிற மிஷின், தார்ப்பாய், மோட்டார் வயர், அடித்து வைத்த உளுந்து மூட்டை எல்லாம் அதற்குள்தான். எல்லாரும் கதவுக் கொண்டியில் ஒரு துண்டுக் கம்பியை முறுக்கிவிட்டுப் போவார்கள். ஆவுடைத்தாய் செட்டில் மட்டும் பெரிய பித்தளைப் பூட்டு தொங்கும். பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பாள். அவள் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்குகிற சத்தம் கேட்டால், "பூட்டுக்காரி வாரா, வாயை மூடுங்கட்டி" என்று குழாயடியில் பெண்கள் சிரிப்பார்கள்.

இப்படிப்பட்டவள் நம்பியது ஒரே ஒரு ஆளைத்தான். தெருவின் கீழ்க்கோடியில் கடைசி வீட்டுக்காரி சங்கரம்மாள். ஆவுடைத்தாயை விட ஏழெட்டு வயது மூத்தவள். கண் மங்கிவிட்டது என்று தீப்பெட்டி ஆபீஸில் நிறுத்திவிட்டார்கள். மகன் திருப்பூரில் இருக்கிறான், எட்டிப் பார்ப்பதில்லை. ஆவுடைத்தாய் அவளை மதினி என்றுதான் கூப்பிடுவாள். செட்டுப் பூட்டின் இன்னொரு சாவி சங்கரம்மாளிடம்தான் இருந்தது. "எனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீங்கதான் தெறந்து பாக்கணும் மதினி" என்று சொல்லிக் கொடுத்தது.

மாசியில் திருட்டு ஆரம்பித்தது. முதலில் ஊர்த்தலைவர் நந்தகோபால் செட்டில் மோட்டார் வயரையும் தார்ப்பாயையும் காணோம். அடுத்த வாரம் இன்னொரு செட்டில் உளுந்து. அப்புறம் கடப்பாரை, மண்வெட்டி, இன்னும் ஒரு தார்ப்பாய். காலையில் காட்டுக்குப் போகிறவன்தான் கொண்டி வளைந்து கிடப்பதைப் பார்த்து, தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடி வருவான். ஊர் கூடிப் பேசியது. சிரித்த ஊரே அன்றைக்கு ஆவுடைத்தாயிடம் வந்து நின்றது.

"நீதான் சொல்லணும் தாயி. என்ன பூட்டு வாங்கலாம்?" என்று கேட்டார் நந்தகோபால்.

"பூட்டு கெடக்கட்டும் அண்ணாச்சி. கொண்டிய வெல்டு வையுங்க. துரு ஏறுன கொண்டியில யானைப் பூட்டத் தொங்கவிட்டு என்ன பிரயோசனம்? ரெண்டு எடத்துல லைட்டு போடுங்க. ஆளு மாத்தி ஆளு முழிச்சுக் காவல் கெடங்க."

சொன்னபடி எல்லாம் நடந்தது. எல்லாச் செட்டிலும் பூட்டு தொங்கியது. கோவில்பட்டியிலிருந்து வெல்டிங் ஆள் வந்தான். களத்து மூலையில் சோலார் விளக்கு ஏறியது. மணிகண்டபிரபு என்கிற பையன் இளவட்டங்களைச் சேர்த்து ராக்காவல் போட்டான். டார்ச், விசில், போனில் ஒரு குரூப். ஆவுடைத்தாய் தினமும் விடிந்ததும் செட்டு வரிசையில் நடந்து ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். கலெக்டரம்மா தோற்றாள், அப்படி ஒரு நடை.

ஆனாலும் திருட்டு நிற்கவில்லை. ராத்திரியெல்லாம் முழித்துக் கிடந்த பையன்கள் கண் சிவந்ததுதான் மிச்சம். வெல்டு வைக்காமல் விட்ட செட்டாகப் பார்த்து முதலில் உடைத்தார்கள், அப்புறம் வெல்டு வைத்ததையும் நெம்பினார்கள். வரிசையில் கைபடாமல் நின்றது ஒரே ஒரு செட்டு. அது யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். "பூட்டுன்னா அப்படி இருக்கணும்" என்றாள். பிறகு குழாயடியில் இவள் போனதும் பேச்சு நிற்க ஆரம்பித்தது. ஒருநாள் மணிகண்டபிரபு நேராகவே கேட்டுவிட்டான்.

"சித்தி, தப்பா நெனைக்காதிய. எல்லா செட்டுலயும் கை வச்சவன் உங்க செட்டை மட்டும் ஏன் விட்டான்?"

"ஏலே, நான் பூட்டி வச்சிருக்கேன், விட்டான்."

"வெல்டு வச்ச கொண்டியையும் போன வாரம் நெம்பிட்டாம்லா. ஒங்க பூட்டு என்ன அதைவிடப் பெருசா? ஊர்ல பேசுதாவ, அதான் கேட்டேன்."

சுருக்கென்றிருந்தது ஆவுடைத்தாய்க்கு. எந்தச் செட்டில் எது இருக்கிறது, எந்தக் கொண்டி இத்துப்போனது என்று இழுத்து இழுத்துப் பார்த்தவள் இவள்தானே? வேலியே பயிரை மேய்கிறது என்று கடையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. ஐம்பது வருஷம் ஊரையே சந்தேகப்பட்டவள், ஊர் தன்னைச் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அதுவரை யோசித்ததே இல்லை. சோறு இறங்கவில்லை. சங்கரம்மாள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து அழுதாள்.

"ஊர் வாயை மூட உலைமூடி ஏதுட்டி? விட்டுத்தள்ளு" என்று சொல்லி, சங்கரம்மாள் தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

விட்டுத்தள்ளுகிற பிறவியா ஆவுடைத்தாய்? திருடன் தன் செட்டுக்கும் வந்தால் பழி தீரும் என்று தோன்றியது. சாமியைக்கூடக் கும்பிட்டுப் பார்த்தாள். எல்லாரும் திருடன் வரக்கூடாது என்று கும்பிட, இவள் ஒருத்தி வரணும் என்று கும்பிட்டாள்! வரவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம், தீப்பெட்டி ஆபீஸ் வேனும் புதியம்புத்தூர் தையல் கம்பெனி வேனும் ஊரை அள்ளிக்கொண்டு போன பிற்பாடு, தெருவில் ஒரு நாய்கூட வெளியே நிற்காத வெயிலில், கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனாள். தன் பூட்டைத் தானே உடைத்தாள். நெம்பும்போது நெஞ்சு வலித்தது. புருஷன் வாங்கிப் போட்ட பூட்டு அது.

உள்ளே எதையும் தொடவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வேன்கள் திரும்பியதும் செட்டுப் பக்கம் போய்ச் சத்தம் போடுவது என்று திட்டம். நேற்றுக் காலைக்கு அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், ராத்திரி நடந்த திருட்டு என்று ஊர் எடுத்துக்கொள்ளும்.

சாயங்காலம் போனாள். கதவைத் திறந்தாள். சத்தம் தானாக வந்தது. மருந்தடிக்கிற மிஷினைக் காணோம்!

போன வருஷம் வாங்கிய பேட்டரி மிஷின். மத்தியானம் கண்ணால் பார்த்தாள், மூலையில் இருந்தது. இப்போது மூலை காலியாக இருந்தது. "அய்யோ, என் மிஷினு!" என்று அவள் போட்ட கூப்பாட்டில் ஊரே திரண்டு வந்தது. நடிக்கவென்று போனவளுக்கு நடிக்கிற வேலையே இல்லாமல் போயிற்று. "பாவம், இவளைப் போய்ச் சொன்னமே" என்று பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். மணிகண்டபிரபு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "மன்னிச்சுக்கிடுங்க சித்தி" என்றான். நினைத்தது நடந்துவிட்டது. பழி போய்விட்டது.

ஆனால் போன பழி சும்மா போகவில்லை. நேரே கருப்பசாமி தலையில் போய் உட்கார்ந்தது.

கருப்பசாமி புதூர்ப் பக்கத்து ஆள். நந்தகோபால் காட்டில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட வந்தவன். ராத்திரி கிடை மறிப்பது செட்டு வரிசைக்கு அடுத்த காட்டில். தனி ஆள், அசலூர்க்காரன். இதைவிட ஊருக்கு என்ன வேண்டும்? பையன்கள் அவனைக் கோயில் முன்னால் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். இரண்டு அடியும் விழுந்திருந்தது. சட்டை தோளில் கிழிந்து தொங்கியது.

"நான் எடுக்கல அண்ணாச்சி. காளி கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுதேன்."

"ராத்திரி நீ கிடையிலதான் கெடந்தன்னு யாருலே சாட்சி? ஆடா?" என்றான் மணிகண்டபிரபு. கூட்டம் சிரித்தது. போலீஸுக்குப் போன் போடலாமா, ஆட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா என்று பேச்சு ஓடியது. அகப்பட்டவனுக்கு அஷ்டமத்தில் சனி.

ஆவுடைத்தாய் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். ராத்திரி இல்லை, மத்தியானம் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மத்தியானம் முழுக்கக் கருப்பசாமி மேற்கே குளத்தங்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான், நந்தகோபாலே அவனுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தாராம். சற்று முன்னால்தான் அவர் வாயாலேயே, "பகல்ல நல்லவன் மாதிரி எங்கூடத்தான் இருந்தான், ராத்திரி புத்தியக் காட்டிட்டான்" என்று புலம்பினார். ஒரு வார்த்தை சொன்னால் அவன் தப்புவான். சொன்னால் பூட்டை உடைத்தது யார் என்பதும் வெளியே வரும். ஓரத்திலிருந்து இன்னும் ஓரமாக நகர்ந்தாள்.

அதோடு இன்னொன்றும் மண்டைக்குள் குடைந்தது. அந்த மத்தியானத்தில் ஊரில் யார் இருந்தார்கள்? செட்டுக்குப் போக ஒரே பாதைதான். அது சங்கரம்மாள் வீட்டைத் தாண்டித்தான் போகிறது. மதினி கட்டாயம் யாரையாவது பார்த்திருப்பாள். கூட்டத்திலிருந்து நழுவி அங்கே ஓடினாள்.

சங்கரம்மாள் கேள்விக்கே காத்திருக்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"கூறுகெட்டவளே, வெறும் பூட்டு மட்டும் ஒடைஞ்சு கெடந்தா எவன்ட்டி நம்புவான்? நீ கடப்பாரையோட போறதப் பாத்தேன். வெறுங்கையோட திரும்புததையும் பாத்தேன். இவ தப்பு தப்பாப் பண்ணுதாளேன்னு நாந்தான் போயித் தூக்கிட்டு வந்தேன். அங்கன பாரு, பத்திரமா இருக்கு."

ஆவுடைத்தாய்க்கு உயிர் வந்தது. மதினியைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. விறகு அடுக்கின் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடியிருந்ததை விலக்கினாள். மிஷின் இருந்தது. கையில் பிடித்திருந்த தார்ப்பாயின் ஓரத்தில் சிவப்புப் பெயிண்டில் நந்தகோபால் பேர் எழுதியிருந்தது. மிஷினுக்குப் பின்னால் கடப்பாரை, மண்வெட்டி, பாதி உளுந்து மூட்டை.

ஆவுடைத்தாய் தார்ப்பாயைக் கீழே போட்டாள்.

"எல்லாம் நீங்கதானா மதினி?"

"ராத்திரி பூராக் காவல் காக்காவ. பகல்ல ஊரே வேன்ல ஏறிப் போயிருது. நான் ஒருத்தி இங்கன கெடக்கேன்னு யாருக்காது நெனப்பு உண்டாட்டி? வயரைப் பழைய இரும்புக்காரன்ட்ட போட்டேன். பேரு எழுதுனத எவன் வாங்குவான்? அது கெடக்கு." அழவில்லை சங்கரம்மாள். கோபமாகத்தான் சொன்னாள்.

"என் செட்டை ஏன் தொடல?"

"ஒன் சாவி என் கையிலல்லாட்டி இருந்துது" என்றாள் அவள்.

பூட்டு காத்தது என்றல்லவா இத்தனை நாளும் மார் தட்டினோம் என்று நினைத்துக்கொண்டாள் ஆவுடைத்தாய். வெளியே கோயில் பக்கம் கருப்பசாமி அலறுகிற சத்தம் கேட்டது. எழுந்தாள். சங்கரம்மாள் அவள் கையைப் பிடிக்கவும் இல்லை, போகாதே என்று சொல்லவும் இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றாள் ஆவுடைத்தாய்.

"அவன விடுங்கலே. பூட்ட ஒடைச்சது நான். இன்னைக்கு மத்தியானம் ஒடைச்சேன். நீங்க என்னயக் கள்ளின்னு பேசுனிய, பொறுக்க மாட்டாம ஒடைச்சேன். அதுவரைக்கும் மிஷினு உள்ளதான் இருந்துது. மத்தியானம் இவன் எங்கன இருந்தான்னு நம்ம அண்ணாச்சியே சொல்லட்டும்."

"மத்தியானம் எங்கூடத்தான் இருந்தான்" என்றார் நந்தகோபால். கருப்பசாமி தரையில் உட்கார்ந்துவிட்டான். மணிகண்டபிரபுதான் முதலில் தெளிந்தான்.

"அப்போ மிஷினை எடுத்தது யாரு சித்தி?"

கூட்டத்தின் கடைசியில் சங்கரம்மாள் வந்து நின்றிருந்தாள். ஆவுடைத்தாய் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன். இருக்கிற சாமான் எல்லாம் விடிஞ்சதும் கோயில் வாசல்ல இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு. இனிமே ஒரு செட்டுலயும் ஒரு துரும்பு போகாது. போலீசுக்குப் போறதுன்னா மொதல்ல என்னயக் கொண்டு விடுங்க."

"சொல்லத் தேவையே இல்லயே" என்று யாரோ கூட்டத்தில் சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது. அவள் மறுத்துப் பேசவில்லை.

விடிந்தபோது சாமான்கள் கோயில் வாசலில் கிடந்தன. ஆளாளுக்குத் தங்கள் தார்ப்பாயைத் தேடிக் குனிந்தார்கள். குவியலின் மேல், உளுந்து மூட்டையின் வாய்க்கட்டுக்குள் ஒரு பித்தளைச் சாவி செருகியிருந்தது. யாரும் பார்க்குமுன் ஆவுடைத்தாய் அதை எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டாள். அன்று காலை, முதல் பஸ்ஸிலேயே சங்கரம்மாள் திருப்பூருக்குப் போய்விட்டாள் என்று பிறகுதான் தெரிந்தது. மகனுக்கு உடம்பு சரியில்லையாம் என்று யாரோ சொன்னார்கள். ஆவுடைத்தாய் ஆமாம் என்றாள்.

அதற்கப்புறம் திருட்டு இல்லை. ராக்காவலை நிறுத்திவிட்டுப் பகல் காவல் போட்டார்கள். வேனில் போகாமல் ஊரில் இருக்கிறவர்கள் முறைபோட்டுச் செட்டுப் பக்கம் போய் வருகிறார்கள். ஆவுடைத்தாயை மட்டும் அந்த முறையில் சேர்க்கவில்லை. திருட்டு நின்ற நாளையும் அவள் பூட்டை உடைத்ததாக ஒத்துக்கொண்ட நாளையும் முடிச்சுப் போட்டு, எல்லாம் அவள் கைவரிசைதான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். குழாயடியில் அவள் வந்தால் குடத்தை நகர்த்திக்கொள்கிறார்கள். கருப்பசாமி மட்டும் எப்போதாவது கிடை போட வரும்போது, ஒரு செம்பு ஆட்டுப்பால் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவான்.

இப்போது அவள் தன் செட்டுக்குப் போனால் ஒரே ஒரு தடவைதான் புதுப் பூட்டை இழுக்கிறாள். திரும்பி வரும் வழியில் தெருவின் கடைசி வீட்டு முன்னால் நிற்கிறாள். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் நோட்டம் விடுகிறாள். பிறகு சங்கரம்மாள் வீட்டுக் கதவில் தொங்குகிற சின்னப் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறாள். கொஞ்ச தூரம் போய்விட்டு, திரும்பி வந்து இன்னொரு தடவை இழுக்கிறாள்.