முற்றத்தில் விரித்த கருமணல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் பகுதி திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்த நாட்களில், இராஜாக்கமங்கலத்தை அடுத்த ஒரு செம்மண் மேட்டில் நடந்த நிகழ்ச்சி இது. மணமான இரண்டாம் ஆண்டில், ஓலைக் குடிசையைப் பிரித்துவிட்டு, ஓடு வேய்ந்த சிறு வீடொன்றை அங்கே கட்டி முடித்திருந்தேன்.

மாதா கோயில் திருவிழாவுக்கு முன், ஒவ்வொரு வீட்டாரும் கடற்கரையிலிருந்து மணல் சுமந்து வந்து முற்றத்தில் விரிப்பது எங்கள் தெரு வழக்கம். சப்பரம் சுமந்து வருவோர் காலில் செம்மண் ஒட்டலாகாது என்பதே காரணம். அவ்வாண்டு, அலை ஒதுக்கியிருந்த கருமணலை நானும் என் மனைவியும் ஓலைப்பெட்டிகளில் சுமந்து வந்தோம். வெயிலில் அது பட்டுப்போல் மின்னியது. அதைக் கண்டு, தெரு முழுவதுமே கருமணலை விரித்தது.

அப்போதுதான், கருமணலைத் தோண்டிச் சீமைக்குக் கப்பலேற்றும் கம்பெனி ஒன்றின் அதிகாரி அவ்வழியே வந்தார். முற்றத்தைக் கண்டு வியந்து, இது இந்நிலத்து மண்தானா என்று வினவினார். புதுவீட்டுப் பெருமிதத்தில், எங்கள் நிலமே இத்தகையது என்று சொல்லிவிட்டேன்.

சில நாட்களில் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. எங்கள் வீடுகளுக்கு அடியில் கருமணல் இருக்கிறதாம். மண்ணைச் சோதித்து உறுதியானால் தெருவையே காலி செய்ய வேண்டுமாம். ஓட்டின் நிறம்கூட மங்காத வீடு. என் பொய்யை மனைவியிடம் மட்டும் ஒப்புக்கொண்டேன். மற்றவரிடம் மறைத்துவிட்டேன்.

திருவிழாவுக்கு முந்தைய நாள் அதிகாரி ஆட்களோடு வந்தார். தெருவார் அஞ்சி ஒதுங்கி நிற்க, வந்தவர்கள் முற்றத்து மண்ணை வீடு வீடாக அள்ளிப் பைகளில் கட்டினர். என் வீட்டுப் பையைக் கட்ட நானே கயிறு எடுத்துக் கொடுத்தேன். திருவிழாவுக்கு முந்திரிக்கொத்துப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த என் மனைவி, மாவுக் கையோடு வெளியே வந்தாள்.

"ஏமானே, இது நாங்க கடப்புறத்துலயிருந்து தலையில சொமந்து கொண்டாந்த மண்ணாக்கும். சப்பரம் வருதுல்லா. தோண்டிப் பாருங்க, நாலு விரல் போனா செம்மண்ணுதான்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீர் வேற மாதிரில்லா சொன்னீரு?"

அதற்கும் அவளே பதில் சொன்னாள்.

"புது வீடு கட்டின கெறக்கத்துல சொல்லிட்டாவ. கழுத்து வலிச்சது எனக்கு, பெருமை அவியளுக்கு."

அதிகாரியின் மீசைக்குள் சிரிப்பு அசைந்தது. நீண்ட இரும்புக் குழாயை முற்றத்தில் இறக்கச் சொன்னார். நாலு விரல் ஆழத்துக்குக் கருமணல்; அதன்கீழ் செம்மண். ஓர் ஆள் ஆழம் போயும் செம்மண்ணே. மற்ற வீடுகளிலும் அதுவே. கட்டிய பைகளை அவிழ்த்து அந்தந்த முற்றத்திலேயே கொட்டிவிட்டனர்.

என் பொய்யை அன்றுதான் அறிந்த அடுத்த வீட்டுக்காரர், கோபிப்பார் என்று நான் அஞ்சியிருக்க, தோளைத் தட்டினார்.

"ஓய், அடுத்த வருசம் உம்ம கெணத்துல தங்கம் ஊறுதுன்னு சொல்லிராதேயும்."

தெருவே சிரித்தது. அதிகாரியும் சிரித்தபடி முந்திரிக்கொத்து தின்றார். வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டார். மறுநாள் மாலை சப்பரம் அந்த மணல்மீதே வந்து, எங்கள் வாசலில் நின்றது.

அவ்வீட்டில் இன்று என் பேரப்பிள்ளைகளும் வாழ்கின்றனர். என் உடைமை எதையேனும் ஒருவர் புகழ்ந்தால், அது எங்கிருந்து, யார் தலைமேல் வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதில் எனக்கு இன்றும் தனியொரு மகிழ்ச்சி உண்டு.