வெள்ளைத் தாளும் நீல ரிப்பனும்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, எழுபத்தொன்பதாம் வருடக் கிறிஸ்மஸ் சமயத்தில், சிங்கப்பூரின் தோ பாயோவில் நாங்கள் குடியிருக்கும் பத்தாவது மாடி வீட்டில் நடந்தது இது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்மாவுக்கு எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. நான் ஆங்கிலப் பள்ளியில் படித்து, ஷென்டன் வேயில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் ஆனேன். ஏர்கான் அறையில் எனக்கென்று ஒரு மேசை கிடைத்த அந்த வருடம், வீட்டில் எதைப் பார்த்தாலும் குறையாகவே தெரிந்தது.

முக்கியமாக ஒரு பிஸ்கட் டின். அடுத்த வீட்டுச் சீன ஆன்ட்டிக்கும் அம்மாவுக்கும் நடுவே அது ஏழெட்டு வருடமாகப் போய் வந்துகொண்டிருந்தது. கிறிஸ்மஸுக்கு அம்மா அதில் அச்சு முறுக்கும் அதிரசமும் அடுக்கிக் கொடுப்பார். சீனப் புத்தாண்டுக்கு ஆன்ட்டி அதே டின்னில் முட்டைச் சுருள் பிஸ்கட் நிரப்பித் திருப்பித் தருவார். டின் வெறுமையாகத் திரும்பக்கூடாது. அதைச் சுற்றி ஒரு சிவப்புத் தாள். முதன்முதலில் ஆன்ட்டி வீட்டிலிருந்து வந்த தாள் அது. பிரித்த கையோடு அம்மா அதன்மேல் ஒரு துணியைப் போட்டு இஸ்திரி செய்து, மெத்தைக்கு அடியில் வைத்துவிடுவார். அடுத்த முறை அதே தாள் போகும். மடிப்புகளில் சிவப்பு வெளுத்துப்போயிருந்தது. அம்மா ஆன்ட்டியை 'ஆசோ' என்று கூப்பிடுவார். இருவரும் பேசிக்கொள்வது சந்தை மலாய்.

அந்த டிசம்பரில் ஆன்ட்டியின் கணவர் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்பு, கோயிலில் குடில் கட்டும் வேலைக்குக் கிளம்பிய அம்மா என்னிடம் சொன்னார்: "டின்ன செவப்புத் தாளுல சுத்தி ஆசோகிட்ட குடுத்துடு."

"இதையா? குப்பையில பொறுக்குன மாதிரி இருக்கு. குடுக்கறதுக்கு ஒரு தராதரம் வேணாமா?"

"தராதரத்தையா திங்கப் போறாங்க? முறுக்கத்தான திங்கணும். சும்மா சுத்துடி, பெரிய மேனேஜர்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நான் பஸ் பிடித்து ஆர்ச்சர்ட் ரோட்டுக்குப் போனேன். பளபளவென்ற தூய வெள்ளைத் தாள், நீல சாட்டின் ரிப்பன், ஒரு புது அட்டைப் பெட்டி. எங்கள் கோயிலில் மாதா சுரூபத்துக்கு வெள்ளை அங்கி, நீலக் கச்சை. அதைவிடப் பரிசுத்தமான நிறம் எது என்று நினைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன். பலகாரத்தைப் பெட்டிக்கு மாற்றி, கடையில் கட்டுவது போலவே கட்டினேன். டின்னையும் சிவப்புத் தாளையும் குப்பைக் குழாயில் தள்ளினேன். டின் பத்து மாடியும் முட்டி மோதிக்கொண்டு இறங்கிய சத்தம் கேட்டபோது, ஒரு தரித்திரம் ஒழிந்தது என்று இருந்தது.

ஆன்ட்டி கம்பிக் கதவைத் திறந்தார். பெட்டியைப் பார்த்ததும் அவர் கை பின்னால் போனது. நான் "மெர்ரி கிறிஸ்மஸ் ஆன்ட்டி" என்று சொல்லி அவர் கைகளில் வைத்து அழுத்தினேன். கதவு சாத்தப்பட்டது. ஒரு தேங்க்யூகூடச் சொல்லத் தெரியவில்லையே என்று எரிச்சலோடு திரும்பினேன்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால், பெட்டி எங்கள் வாசலில் இருந்தது. ரிப்பன்கூட அவிழ்க்கப்படவில்லை. அம்மா அடுப்படியில் இருந்தார். அவர் பார்ப்பதற்குள் அதைப் பைக்குள் திணித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எல்லாரும் சாப்பிடட்டும் என்று மேசைமேல் வைத்தேன்.

பக்கத்து மேசைச் சீனப் பெண் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "ஐயோ, யார் வீட்டுச் சாவுக்கு இது?" என்றாள்.

"கிறிஸ்மஸ் பரிசு. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு."

"சீன ஆன்ட்டியா? வெள்ளையும் நீலமுமா? பைத்தியமா லா நீ! அவங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?"

எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் எத்தனை சீனச் சாவு பார்த்திருக்கிறேன். வெள்ளைத் துணி, நீலத் துணி. கையில் புத்தகத்தோடு பத்து வருடம் அதைக் கடந்து பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். புருஷனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நிற்கிற பெண்ணின் கையில், அந்த நிறத்தில் ஒரு பெட்டியை அழுத்தி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று மாலையே அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். படித்தவள் என்று நிமிர்ந்து நடந்துவிட்டு, படிக்காத அம்மா சொன்னதைக் கேட்காமல் கெட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஆன்ட்டி அம்மாவைக் கண்டாலே கதவைச் சாத்த ஆரம்பித்தார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சுதான்.

"ஆசோ மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்குறா. முறுக்குல எண்ண நாத்தம் அடிச்சிருக்குமோ?"

இன்னொரு நாள், "ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு எட்டு பாக்கலன்னு கோவமா இருக்கும்" என்று சொல்லி, பழம் வாங்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனார். "அவரு தூங்குறாருன்னு சொல்லிட்டாங்கம்மா" என்று பழத்தோடு திரும்பி வந்தார்.

நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், சாமியாரிடம் எல்லாவற்றையும் நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். சொன்னேன். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

இப்படியே சீனப் புத்தாண்டு வந்துவிட்டது. அதற்கு முந்தின நாள் மாலை வேலை முடிந்து மின்தூக்கியிலிருந்து வெளியே வந்தேன். நடைவழியில் அம்மா, ஆன்ட்டி வீட்டுக் கம்பிக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சீனர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்து வாங்கும் வழக்கப்படி, தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய ஒரு ஜோடி ஆரஞ்சை இரண்டு கைகளாலும் ஏந்தியிருந்தார். "மிந்தா மாஃப், ஆசோ, மிந்தா மாஃப்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். எதற்கு என்று தெரியாமலே கேட்டார். உள்ளே ஆன்ட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் எல்லாவற்றையும் தமிழில் கொட்டினேன். வெள்ளைத் தாள், ரிப்பன், குப்பைக் குழாயில் போட்ட டின், வாசலில் கிடந்த பெட்டி, எல்லாம். "ஆசோகிட்ட சொல்லும்மா, நான்தான் செஞ்சேன்னு சொல்லு. எனக்குப் பேச வராது." பள்ளியில் படித்த மலாய் எனக்குக் காதில் விழுந்தால் புரியும், நாக்கில் வராது. மன்னிப்புக் கேட்கவும் அம்மாவின் வாய்தான் வேண்டியிருந்தது.

அம்மா அறைவார் என்று நினைத்தேன். அவர் ஆன்ட்டி பக்கம் திரும்பி, "சாயா புன்யா சாலா" என்றார். என் தப்பு என்றார். டின் துருப்பிடித்துப்போச்சு, புதுத் தாள் வாங்கிச் சுற்றச் சொல்லி நான்தான் பிள்ளையை அனுப்பினேன், அது ஒன்றும் அறியாதது என்றார்.

ஆன்ட்டி என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு கதவு திறந்தது. உள்ளே அவர் கணவர், மெலிந்துபோய், நாற்காலியில் உட்கார்ந்து கை அசைத்தார். ஆன்ட்டி ஆரஞ்சை வாங்கிக்கொண்டு, அம்மாவின் தோளில் ஓர் அடி போட்டு ஏதோ திட்டினார். அம்மா சிரித்தார். இல்லை, அது நான் என்று சொல்ல இரண்டு மலாய்ச் சொல் போதும். அந்த இரண்டும் எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை.

வீட்டுக்குள் வந்ததும், "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நானும் அவளும் அடிச்சுக்குவோம், சேந்துக்குவோம். உன்ன ஒரு தடவ மொறச்சா நீ தாங்குவியா? தெனமும் அந்த வாசலத் தாண்டித்தான வேலைக்குப் போவணும்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒன்னு. இத்தன நாளு நான் பொலம்பிக்கிட்டிருந்தப்ப, நீ எதுக்கத்தான உக்காந்து சாப்புட்டுக்கிட்டிருந்த?"

அதற்குப் பிறகு அம்மா இதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆன்ட்டி இன்றும் தன் உறவுக்காரர்களிடம் என்னைக் காட்டி, படித்த பெண், நல்ல பெண் என்கிறார். நிறம் தெரியாமல் செய்த தவறை அவரே மறந்திருப்பார். தெரிந்த பிறகும், தன்மேல் என்ன குற்றம் என்று அம்மா தேடித் தவித்த அந்த ஏழு வாரமும் வாயை மூடிக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்து சோறு தின்றேனே, அந்த நினைப்பு வரும்போது, படித்தவள் என்று யார் சொன்னாலும் எனக்குத் தலை நிமிர மாட்டேன் என்கிறது.