ஈரத்தில் ஒட்டும் பசை

மீன்தொட்டித் தொழிலுக்கு வருமுன் போடியில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் வேலை பார்த்தேன். அரைகுறை ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே ஈரம் என்றாலே எனக்கு ஆகாது. அந்த ஞானத்தைக் கடல் தொட்டிக்குள்ளும் கொண்டுபோனதுதான் என் சாமர்த்தியம்.

போடிமெட்டில் ஓர் எஸ்டேட் பங்களா. உப்புத்தண்ணீர்த் தொட்டியில் உயிருள்ள பவளத் துண்டுகளைப் பாறையில் ஒட்ட வேண்டும். ஒட்டுகிறவள் என் மகள் நஸ்ரீன். நான் முதலாளி, அதாவது பை தூக்குகிறவன். ஜீப்பு வளையும்போதெல்லாம் "கம்பியப் பிடிம்மா" என்றேன். பங்களாவில் "பிளக்கைத் தொடாத, தரை வழுக்கும்" என்றேன்.

"அத்தா, நீங்க பேசாம உக்காந்தாலே பாதி சோலி முடிஞ்சிரும்."

பொத்தான் பொத்தானாக விரியும் ஒரு வகைப் பவளம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அதை வெட்டி, அடியில் பசை வைத்துத் தண்ணீருக்குள் அழுத்தினாள். நழுவி விழுந்தது. மறுபடியும் விழுந்தது.

பங்களாக்காரர் சிரித்தார். "என்ன பாய், ஒட்டச் சொன்னா உங்க மக அதுக்கு நீச்சல் பழக்குது?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஈரத்துல எப்படி ஒட்டும்? காய வச்சாத்தான் பிடிக்கும்."

"வேணாம்த்தா, இது ஈரத்துல பிடிக்கிற பசை..."

அவள் முடிப்பதற்குள் அந்த வீட்டம்மாவின் ஹேர் டிரையரை வாங்கி, வெளியே எடுத்த பவளத் துண்டின் மேல் சூட்டைத் திருப்பிவிட்டேன். அதன் வழுவழுப்பில் விஷம் உண்டு, சூடுபட்டால் காற்றோடு கிளம்பும் என்பது எனக்குத் தெரியாது. காற்று அடித்தது குனிந்திருந்த நஸ்ரீனின் முகத்தில். அவள் இருமினாள். இருமல் நிற்கவில்லை.

"நெஞ்சை அடைக்குதுத்தா."

ஜீப்பில் மலை இறங்கும்போது டிரைவரிடம் "வெரசா போப்பா" என்று மட்டும்தான் கத்தினேன். கம்பியைப் பிடிக்கச் சொல்ல மறந்துபோனேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். "எதை மோந்துச்சு?" என்றார் டாக்டர். "பவளம்" என்றேன். "போடியிலயா?" என்று என்னைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்பதுபோலப் பார்த்தார். மறுநாள் காலை நஸ்ரீன் கண்ணைத் திறந்து, "ஏலக்காய் காஞ்சிருச்சாத்தா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

உடம்பு தேறியதும் அவளே போய் முடித்தாள். அடிப்பக்கத்து வழுவழுப்பை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, பசை வைத்து, திருகி அழுத்தினாள். அவ்வளவுதான் வித்தை. தெரியாத தொழிலில் தெரிந்த தொழிலின் மூளையைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும். நான் மூளையோடு முழு ஆளாகவே வெளியே வைக்கப்பட்டிருந்தேன், ஜன்னலோரமாக.

முகக்கவசத்தைக் கழற்றி, கை கழுவிவிட்டு வந்தவள் ஒருமுறை இருமினாள்.

"ஜீப்பை எடுங்க!" என்று கத்திவிட்டேன்.

"தொண்டை கரகரப்புத்தா. பையில ஏலக்காய் இருந்தா ஒண்ணு குடுங்க."

எடுத்து நீட்டினேன். வியர்த்திருந்த என் விரலில் அது ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.