நியூட்ரலில் இறங்கிய மலைப்பாதை

மைசூரில் அரசுப் பணியிலிருந்த நான் பட்டதாரி. பன்னிரண்டு ஆண்டுகள் விபத்தின்றிக் கார் ஓட்டியவன்.

மாதேஸ்வரன் மலையிலிருந்து கொள்ளேகாலுக்கு மண்பாதையில் இறங்கியபோது, பெட்ரோலை மிச்சப்படுத்த, வழக்கம்போல் காரைக் கியரிலிருந்து விடுவித்து நியூட்ரலில் விட்டேன். நான்காம் வளைவில் பிரேக் சூடேறிப் பிடிக்கவில்லை. இடப்புறம் பெரும் பள்ளம். பின்னிருக்கையில் என் மனைவி. வலப்புற மலைச்சரிவில் உரசவிட்டுக் காரை நிறுத்தினேன்.

எதிரே வந்த லாரி ஓட்டுநர் இறங்கி வந்து பிரேக்கைத் தொட்டுப் பார்த்தார். "ஏறுன கியர்லயே இறங்கோணுமுங்க சார். மிச்சம் புடிச்ச பெட்ரோல வெச்சு எந்த ஊருக்குப் போறதா இருந்தீங்க?"

"நன்னாக் கேட்டுக்கோங்கோ" என்றாள் என் மனைவி.

அன்றிலிருந்து ஏறிய கியரிலேயே இறங்குகிறேன்.

அன்று ஓட்டும்போது நான் கண்ணயர்ந்துவிட்டதாக உறவினர்கள் சொல்வது தவறு. நன்றாக விழித்திருந்துதான் நியூட்ரலுக்கு மாற்றினேன்.