செய்யாத தப்புக்குச் சொந்தக்காரன்

இடக்கையை நெஞ்சில் வைப்பான். மோவாயை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்புவான். மூச்சை ஒரு இழுப்பு இழுத்து நிறுத்திக்கொண்டு, "நான்தான்" என்பான். அதற்குமேல் ஒரு சொல் வராது. கேட்டவர் கத்தலாம், ஏசலாம். மூக்கு நுனியில் ஈ உட்கார்ந்தாலும் அந்தக் கை கீழே இறங்காது.

லாண்டரிக் கடையில் துணி தேய்க்கிற பிள்ளை அவன். கடை அவன் அக்காவுடையது. வீட்டில் கூப்பிட ஒரு பெயர் இருந்தாலும் தெருவில் அவனுக்கு 'நான்தான்' என்றே பெயர். "நான்தான் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் துணி கொண்டுவருவதில்லை. ஒரு தப்பைக் கொண்டுவருவார்கள்.

எல்லாம் ஒரு நாவல் செய்த வேலை. விருந்தினர் விடுதியிலிருந்து வந்த அழுக்கு மூட்டையில், தலையணை உறைகளுக்கு நடுவே கிடந்தது. மேலட்டையும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. தேடி வருவாரும் இல்லை. அதில் ஒரு இளைஞன் வருகிறான். சிநேகிதன் செய்த திருட்டைத் தன் தலையில் போட்டுக்கொண்டு சிறைக்குப் போகிறான். விளக்கம் சொல்ல மாட்டான். தலை குனிய மாட்டான். செத்தாலும் ஒருவரையும் சுட்டிக் காட்ட மாட்டான். அவனைப் பார்த்துச் சிறைக் காவலாளியே கண்ணைத் துடைத்துக்கொள்கிறான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைக்கு அது வேதமாகிவிட்டது. அக்காவை உட்காரவைத்து வாசித்துக் காட்டினான். அவள் அறுந்த பொத்தானைத் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"வெள்ளைச் சட்டையில நிமிர்ந்து நின்னான்னு போட்டிருக்கே, ஜெயில்ல யாருடா அதைத் தேச்சுக் குடுத்தா?"

"அக்கா, இதெல்லாம் உனக்குப் புரியாது. அது குணம்."

"குணம் சரிடா. கசங்காம இருக்கே, அதைக் கேட்டேன்."

அந்த இளைஞன் விடியுமுன் எழுந்து, நோயாளி வீட்டுக்கு விறகு பிளந்து போடுவதாகவும் ஒரு அத்தியாயம் உண்டு. மற்ற பக்கமெல்லாம் எச்சில் தொட்டுப் புரட்டிப் புரட்டி மடங்கிக் கிடக்கிறது. அந்தப் பக்கங்கள் மட்டும் ஆண்டவன் கொடுத்தபடி புதுசாக இருக்கின்றன.

முதல் போணி, கடை இருக்கிற கட்டடத்தின் காவல்காரர். தண்ணீர்த் தொட்டி மோட்டாரை நிறுத்த மறந்து தூங்கிப்போனார். மாடிப்படியெல்லாம் அருவி. கட்டடச் சொந்தக்காரர் நனைந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, "எவன்டா செஞ்சது?" என்று கேட்டபோது, இவன் கடையிலிருந்து ஓடிவந்து நெஞ்சில் கை வைத்தான். அன்று முதல் காவல்காரர் கவலையில்லாமல் தூங்குகிறார். கடவுள் அவருக்கு நல்ல தூக்கத்தையும் கொடுத்து, கூப்பிடு தூரத்தில் இந்தப் பிள்ளையையும் கொடுத்திருக்கிறார்.

"தம்பி, நாளைக்கு உனக்குக் கொஞ்சம் ஒழியுமா? மாடி விளக்கை உடைச்சுட்டேன். இன்னும் யாரும் பார்க்கல."

"அதுக்கென்னண்ணே, சொல்லி அனுப்புங்க" என்பான், ராஜ்யத்தை எழுதிக் கொடுக்கிறவன் மாதிரி.

விளக்குக்கு மாற்று விளக்கை வாங்கிப் போட்டது அக்காதான். பழி அவனுக்கு, பாரம் அவளுக்கு. தாயில்லாப் பிள்ளை என்று தோளில் போட்டு வளர்த்தவள். கடுஞ்சொல் சொல்ல வாய் வராது. அவள் அவனிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். வசனம் ஞாபகம் வந்துவிட்டால் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே கவிழ்த்துப் போட்டுவிட்டு நெஞ்சுக்குக் கை கொண்டுபோவது அவன் வழக்கம்.

"பேசு சாமி, நல்லாப் பேசு. பெட்டியை நிமிர்த்தி வச்சுட்டுப் பேசு."

விருந்தினர் விடுதித் துணிதான் கடைக்குப் பாதிச் சோறு. விரிப்பு, உறை, திரைச்சீலை எல்லாம் வெள்ளை. விடுதி மேலாளர் ஒரு அம்மாள். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அதைத் தூக்கி மூக்கில் வைத்தார் என்றால் யாருக்கோ கஷ்ட காலம். போன மாதம் ஒரு படுக்கை விரிப்பில் மைக்கறை. விடுதியிலிருந்து வரும்போதே இருந்த கறை. அதைச் சொல்லத்தான் அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் இவன் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான்.

"நான்தான்."

அம்மாள் கண்ணாடி வழியாக அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

"நீ மை பேனாவைத் தொட்டே எத்தனை வருஷம் ஆச்சு! ஏன்டா இப்படி?"

"நான் விளக்கம் சொல்றதில்லைக்கா" என்றான் அவன்.

நேற்று அம்மாள் மறுபடி வந்தார். விடுதியில் பெரிய விருந்தாம். மேசை விரிப்புகளைத் தாமே எடுத்துப்போக வந்திருந்தார். தேய்ப்பு மேசையில் இவன் ஒரு கையில் புத்தகமும் ஒரு கையில் பெட்டியுமாக அடுத்த விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். காவல்காரர் வாசல்படியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அக்கா, தம்பி மடித்து வைத்திருந்ததில் மேலே இருந்ததை எடுத்து உதறி விரித்தாள். நட்டநடுவில், படகைக் கவிழ்த்துப் போட்டாற்போல், பழுப்பாக ஒரு பெட்டித் தடம்.

கண்ணாடி மூக்குக்கு ஏறியது.

"நான் கத்தப் போறதில்ல. ரெண்டு பேர்ல யாரு கைன்னு மட்டும் சொல்லுங்க. அந்தக் கை இனிமே எங்க துணியைத் தொடக் கூடாது. தம்பி கைன்னா, துணி எப்பவும்போல உங்களுக்கே வரும்மா. நீங்களே தேச்சுக் குடுங்க. உங்க கையே இப்படின்னா, நான் வேற கடை பார்த்துக்க வேண்டியதுதான்."

அக்காவுக்கு உயிர் திரும்பி வந்தது. ஒரு சொல் போதும். ஊராருக்கெல்லாம் வாரி இறைத்த சொல். தண்ணீர்த் தொட்டிக்குச் சொன்னது, மாடி விளக்குக்குச் சொன்னது. இன்றைக்கு அது உண்மையும்கூட. பிறந்ததிலிருந்து அவள் அவனைக் காட்டிக்கொடுத்ததில்லை. இன்றும் அவள் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. கேட்கும் முன்னே சொல்கிற பிள்ளையாயிற்றே! மனசுக்குள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு தம்பி முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லுடா தம்பி" என்று காவல்காரரும் வாசலிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அவன் மோவாய் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. புத்தகத்தைப் பார்த்தான். அந்த இளைஞனுக்குச் செய்யாத தப்பை ஒப்புக்கொள்ள எத்தனையோ பக்கம் இருந்தது. செய்த தப்பை ஒப்புக்கொள்ள ஒரு வரிகூட இல்லை. நல்லவனாகவே பிறந்து தொலைத்திருந்தான்.

"யாருப்பா?" என்றார் அம்மாள்.

பதில் சொல்ல அவனுக்கு ஒரு கை தேவைப்பட்டது. இடக்கையில் புத்தகம் இருந்தது, அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. வலக்கையில் இருந்த பெட்டியை, கண்ணை அம்மாள் முகத்திலிருந்து எடுக்காமலே, எதிரே கிடந்த விரிப்பின்மேல் கவிழ்த்து வைத்தான். பிறகு விரலை நீட்டி அக்காவைச் சுட்டிக் காட்டினான்.

நீட்டிய கைக்குக் கீழே மெல்லப் புகை வரத் தொடங்கியது.