விளையாடப் போகிறவர்

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் விண்ணப்பம் போட்டுத் தரும் என் ஆன்லைன் கடைக்கு ஒருவர் பாஸ்போர்ட்டோடு வந்தார். வலது தோள் இறங்கியிருந்தது. சென்னை கோல்ஃப் மைதானத்தில் பணக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கித் தூக்கி இறங்கிய தோள். ஸ்காட்லாந்துக்கு விசா வேண்டுமாம். பயணக் காரணம் என்ற இடத்தில் நானாகவே 'வேலை' என்று அடித்தேன்.

"இன்னா சார் போட்ட? அழி. கோல்ஃப் பொறந்த ஊரு சார் அது. நான் அங்க வெளையாடப் போறேன்."

"யார்கிட்ட கதை வுடுற? விசா தரமாட்டான்யா!"

"தராட்டி மறுபடி வரேன். நீ அடி சார்."

மைதானத்தில் காற்றின் திசை பார்க்கப் புல்லைக் கிள்ளிப் போடும் பழக்கத்தில், என் மேசையிலும் காகிதத்தைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே நின்றார்.

இரண்டு முறை விசா மறுத்துவிட்டார்கள். மூன்றாம் முறை அவர் வாயைத் திறக்கும் முன்பே 'விளையாட' என்று அடித்தேன். இப்போது அவரைவிட எனக்குத்தான் வெறி.